காப்பர் போட்ட டேங்க்ல ஆக்டோபஸ் விடலாமா?

ப்ரோ, அவசரப்பட்டு விட்றாதீங்க. க்ளௌன் ஃபிஷ்க்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தப்ப காப்பர் மருந்து போட்டேன், இப்ப தண்ணிய முழுசா மாத்திட்டேன், அதே ராக் அதே மணல்ல ஆக்டோபஸ் விடலாமானு கேட்டிருக்கீங்க. தண்ணி மாத்தினா மட்டும் பத்தாது, லைவ் ராக்கும் (நல்ல பாக்டீரியா வாழுற கடல் பாறை) மணலும் காப்பரை உள்ள இழுத்து வெச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா திரும்ப தண்ணில விட்டுக்கிட்டே இருக்கும், மீன் தாங்குற அளவே ஆக்டோபஸை கொன்னுடும். அதோட ரத்தமே காப்பர வெச்சுதான் ஓடுது, அதனால நீல நிறம், ஆனா தண்ணில கரைஞ்ச காப்பர்னா அதுக்கு விஷம், வேடிக்கைதான்!

அந்த ராக், மணல் ரெண்டையும் மீனுக்கே வெச்சுக்கங்க. ஆக்டோபஸுக்கு புது டேங்க், சின்ன இனமா இருந்தாலும் 200 லிட்டருக்கு கம்மியா வேணாம், ஆர்ஓ ஃபில்டர் தண்ணில கடல் உப்பு கலந்து உப்புத்தன்மைய (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025 கிட்ட வெச்சு நல்லா சைக்கிள் ஆகட்டும், அதாவது கழிவை உடைக்குற பாக்டீரியா வளரட்டும், அமோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ காட்டணும். சாப்பிட்டு நிறைய அசுத்தம் பண்ணும், அதனால ஸ்கிம்மர் (நுரையா அழுக்க எடுக்குற கருவி) பெருசா போடுங்க.

மூடிக்கு பூட்டு கட்டாயம். உடம்புல எலும்பே இல்ல, அலகு நுழையுற ஓட்டைல மொத்த உடம்பும் போயிடும், 2016ல நியூசிலாந்து அக்வேரியத்துல 'இங்கி'னு பேர் வெச்ச ஆக்டோபஸ் ஒண்ணு தண்ணி வெளியேத்துற ட்ரெயின் பைப் வழியா கடலுக்கே போயிடுச்சு. பம்ப் வாய்க்கு ஸ்பாஞ்ச் மாட்டுங்க.

க்ளௌன் ஃபிஷ்ஷ கூட விட்டா ராத்திரிக்கு அதான் டின்னர். இன்னொண்ணு, பல இனம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்தான் இருக்கும், பெண்ணா இருந்து முட்டை போட்டா அதுக்கப்புறம் சாப்பாட்டையே தொடாது. வாங்குறதுக்கு முன்னாடி என்ன இனம்னு கடைக்காரர்ட்ட கேட்டு இங்க போடுங்க, நீல வளையம் இருந்தா கிட்டயே போகாதீங்க.