பட்டறைக்குப் போகுமுன்: ஒரு காட்பாடி மெக்கானிக்கின் பதில்கள்

காட்பாடியில் 31 ஆண்டுகள் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருந்தேன். முழங்கால் மடங்க மறுத்ததால் சென்ற ஆண்டு இழுத்துப் பூட்டிவிட்டேன். வாய்க்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காட்டின் எல்லா மூலையிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. "எந்த வண்டி வாங்கலாம்" என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அதற்கு உங்கள் மச்சான்களே போதும்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்: ஐயா, அக்னி நட்சத்திர வெயிலில் டேங்கை நிரப்பினால் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் பாதிக்கு மேல் போடவே விடுவதில்லை.

சித்திரை பிறந்தால் நுங்கு வருகிறதோ இல்லையோ, இந்தப் புரளி வந்துவிடும். பெட்ரோல் ஆவி தானாகத் தீப்பிடிக்க 250 டிகிரி அளவுக்காவது சூடு வேண்டும். நம் ஊர் வெயில் 43 டிகிரியைத் தொட்டாலே பெரிய செய்தி. வெடிக்காது, நிம்மதியாகப் போடுங்கள்.

ஆனால் விளிம்புவரை தளும்பத் தளும்ப நிரப்பாதீர்கள். சூட்டில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும். 2020க்குப் பின் வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரிக் குப்பி இருக்கிறது. கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோல் அதற்குள் இறங்கி, வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பங்கில் துப்பாக்கி 'டக்' என்று நின்ற பிறகு, சில்லறைக் கணக்குக்காக இன்னும் 12 ரூபாய்க்குப் பிழிய வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

வெயிலில் நீங்கள் கவலைப்பட வேண்டியது டயரைப் பற்றித்தான். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கள். மதியம் தார்ச்சாலையில் ஓட்டிவந்து அளந்தால் கூடுதலாகவே காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டு, மறுநாள் காலை வண்டி ஆடுகிறது என்று என்னிடம் வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

திருப்பத்தூர், கல்லூரி மாணவர்: அண்ணா, ஏலகிரி ஏறும்போது என் 150 சிசி வண்டி உறுமுகிறது, ஆனால் இழுக்கவில்லை. இறங்கும்போது பிரேக்கில் தீய்ந்த வாசனை வந்தது. போன வாரம்தான் நானே ஆயில் மாற்றினேன்.

தம்பி, என்ன ஆயில் ஊற்றினாய் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். நானே சொல்கிறேன்: வீட்டில் கார் இருக்கிறது, டப்பாவில் ஆயில் மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று ஊற்றியிருப்பாய். சரிதானே?

காரில் கிளட்ச் தனியே உலர்ந்து இருக்கும். உன் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது பிளேட்டுகளை வழுக்கவிடும். சமவெளியில் தெரியாது, பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திருகும்போது தெரியும். ஆயில் டப்பாவின் பின்புறம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. உடனே மாற்றினால் பிளேட் தப்பிக்கலாம். முதலில் கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்றும் பார். அதற்குக் காசே கிடையாது.

இறங்கும் சங்கதி வேறு. அந்த 14 வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடித்தாயோ? எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. என்ஜினே வண்டியைப் பிடித்துவைக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. காலை அதன்மேலேயே ஊன்றிவந்தால் டிரம் சூடேறி, கடைசி வளைவில் மிதித்தாலும் பிடிக்காது.

ராணிப்பேட்டை, ஆலைத் தொழிலாளி: செயின் கடகடவென்று சத்தம் போடுகிறது. இறுக்கினால் இரண்டு நாளில் மறுபடியும் தளர்கிறது. செயினை மட்டும் மாற்றலாமா?

மாற்றினால் மூன்றையும் மாற்றுங்கள்: செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே கிழவனாகிவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை. பின்சக்கரத்துக்கு நேர் பின்னால், பல்சக்கரத்தின் நடு உயரத்தில் செயினை இரு விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செட் முடிந்தது. அசையாவிட்டால், சென்டர் ஸ்டாண்டில் போட்டு சக்கரத்தை மெல்லச் சுற்றி நாலைந்து இடங்களில் தளர்வைப் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு என்றால் செயின் ஒரே சீராக நீளவில்லை. அப்போது இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆட வேண்டும். கம்பி மாதிரி இறுக்கிவிட்டால் சத்தம் நிற்கும், பேரிங் போகும்.

மண்ணெண்ணெயிலோ டீசலிலோ துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் தடவினால் போதும். என்ஜினை ஓடவிட்டுத் துணியால் செயின் துடைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் சுண்டுவிரலின் நுனியை இழந்தார். துணியை எடுத்து உதறிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அணைக்கட்டிலிருந்து ஒருவர்: ஊர்ச் சாலையில் வழுக்கி விழுந்தேன். முன் பிரேக்கைப் பிடித்ததால்தான் விழுந்தாய் என்கிறார்கள். இனி பின் பிரேக்கை மட்டும் பிடிக்கலாமா?

உங்கள் பக்கத்துச் சாலையில்தான் நானும் விழுந்தேன், 2009 தை மாதத்தில். ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சாலை முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளே போரடித்துக் கொடுத்துவிடும், மாடு மிச்சம். நான் வளைவு திரும்பியதும் முன்னால் பழுப்பு நிறப் பாய் விரித்ததுபோல் கிடந்தது. முன் பிரேக்கைத் தொட்டேன். டயருக்குக் கீழே தார் இல்லை, உருளும் கொள்ளு மணிகள். கைப்பிடி என் கையைவிட்டுத் தானாகத் திரும்பிக்கொண்டது. எழுந்து பார்த்தால் முழங்கையில் தோலுக்குப் பதில் கொள்ளு ஒட்டியிருந்தது. களத்துக்காரப் பாட்டி ஓடிவந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "மெதுவாக வரக்கூடாதா, எல்லாம் சிதறிப்போயிற்றே" என்று அழாத குறையாகச் சொன்னார். கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் சொன்னதிலும் பாதி சரிதான்.

அதோடு முடியவில்லை. கொடி பின்சக்கரத்தில் சுற்றி, பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே திரித்த கயிறுபோல் ஏறியிருந்தது. சைலன்சரில் ஒட்டிய சருகு புகைய ஆரம்பித்திருந்தது. ஒரு பேனாக்கத்தியால் அரைமணி நேரம் அறுத்தேன். வைக்கோல்மேல் ஓட்டி வந்தவர்கள் இறங்கி ஒரு தடவை சைலன்சரைப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்குடையது. நல்ல தாரில், வண்டி நிமிர்ந்திருக்கும்போது, இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்துங்கள். மணல், வைக்கோல், மழையின் முதல் பத்து நிமிடம், சாய்ந்த வண்டி ஆகிய நேரங்களில் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டால் வளைவுக்குள் பிரேக்கே தேவைப்படாது.

ஆரணியிலிருந்து ஒரு பெண்: அப்பாவின் 1986ஆம் ஆண்டு புல்லட், வலது கால் கியர். அவர் இறந்தபின் நான்கு ஆண்டுகளாகத் திண்ணையில் நிற்கிறது. ஓட்ட ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

உதைப்பதிலிருந்து மட்டும் தொடங்காதே அம்மா.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார். வார்னிஷ் வாசனை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. முழுதும் வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் சிறு ஜெட்டின் துளை வெளிச்சத்தில் தெரிகிறதா என்று பார்க்கச் சொல். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் இரண்டு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு வை. மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்து. சுற்றினால் பிஸ்டன் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் காலப் புல்லட்டில் நாள்பட நின்றால் ஆயில் தன் அறையைவிட்டுக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அதையும் வடிக்காமல் கிளப்பினால் திண்ணை முழுக்கப் புகைமூட்டம்தான். டயர் எப்படி இருந்தாலும் மாற்று. பக்கவாட்டில் விரலால் வளைத்தால் வெடிப்பு தெரியும்.

உதைக்கும் முறை அப்பா சொல்லித்தந்திருப்பாரோ என்னவோ. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே விளக்கின் மேலுள்ள ஆம்பியர் முள்ளைப் பார். அது நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்து. சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்து இன்னும் துளி அழுத்தி விடு. கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் வீரம் காட்டினால் அது திருப்பி உதைக்கும். எனக்குப் 19 வயதில் கெண்டைக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினேன்.

ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) இன்னும் அப்பா பெயரில் இருக்கும். வாரிசு பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம். 15 ஆண்டு முடிந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள். இடைவெளி விட்டதற்குக் கூடுதலாகக் கட்டவேண்டி வரலாம். நிறைய ஆட்கள் "நல்ல விலை தருகிறேன்" என்று வருவார்கள். வந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பு.

குடியாத்தம், ஆசிரியை: புடவையோடு வண்டி ஓட்டுகிறேன். பின்னால் உட்காருபவருக்கு மட்டும்தானே ஆபத்து?

இல்லை அம்மா, இருவருக்கும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, ஒரு ஊக்கும் குத்துங்கள். துப்பட்டா போட்டவர்கள் அதைப் பைக்குள் வையுங்கள். புடவைக் காவல் கம்பியை "அழகாக இல்லை" என்று கழற்றச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பேரணாம்பட்டிலிருந்து ஒருவர்: மழை வெள்ளத்தில் வண்டி முழுகினால் உடனே ஸ்டார்ட் செய்து தண்ணீரை வெளியேற்றலாமா?

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது என் வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. பாதிப் பேர் வெள்ளத்தால் கெடுத்துக்கொண்டவர்கள். மீதிப் பேர் ஸ்டார்ட்டர் பொத்தானால் கெடுத்துக்கொண்டவர்கள். காற்றை பிஸ்டன் அழுத்தும், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மெல்ல உதைத்துத் தண்ணீரைத் துப்பவிடுங்கள். ஆயிலை வடியுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மலிவான ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துப் பிறகு நல்ல ஆயில். ஏர் பில்டர், பிரேக் டிரம் இரண்டையும் திறக்க வேண்டும். கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டியானால் நீங்கள் தொடவே வேண்டாம், ஏற்றி அனுப்புங்கள். காப்பீட்டுக்காரருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள், முழுகிய இடத்திலேயே படம் எடுங்கள். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்றால் கைவிரிக்க வழி கிடைத்துவிடும்.

ஆம்பூரிலிருந்து ஒரு இளைஞர்: எங்கள் ஊரிலேயே தோல் ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. பயணத்துக்கு அது போதாதா?

கல்யாணத்துக்குப் போதும். மெல்லிய ஆட்டுத்தோல் சாலையில் தேய்ந்தால் காகிதம் மாதிரி கிழியும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள மாட்டுத்தோல், இரட்டைத் தையல், தோளிலும் முழங்கையிலும் காப்புத் தகடு, இவை வேண்டும். பணம் போதாவிட்டால் முதலில் கையுறை வாங்கு. விழுகிற எவனும் கையைத்தான் முதலில் ஊன்றுகிறான்.

வாலாஜாபேட்டையிலிருந்து இருவர்: ஒரு நாள் பயணத்துக்கு ஜவ்வாது மலை போக நினைக்கிறோம். வழி சொல்லுங்கள்.

விடியுமுன் கிளம்பி வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறுங்கள். ஆலங்காயத்திலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். வழியில் காவலூர் வானியல் ஆய்வகம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் வைத்தார்கள். பிறகு ஜமுனாமரத்தூர். சாமை அரிசியும் தேனும் வாங்கிக்கொள்ளலாம். இறங்குவது போளூர், கண்ணமங்கலம் வழியாக. மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. காற்றடிக்கும் கைப்பம்பு, பஞ்சர் திரி, ஒரு கிளட்ச் கேபிள் கையில் இருக்கட்டும்.

நெடுஞ்சாலையில் ஒரு எச்சரிக்கை. ஆம்பூரில் நின்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு வண்டியை எடுக்காதீர்கள். கண் திறந்தபடியே தூங்குவீர்கள். ஓர் அரைமணி நேரம் மரத்தடியில் படுத்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

சோளிங்கர்: என் வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?

உங்கள் வலது கையைக் கேளுங்கள்.

வேலூர், தோட்டப்பாளையம்: விபத்தைப் பார்த்து உதவினால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களா?

108ஐ அழையுங்கள். உதவியவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது, சட்டமே பாதுகாப்பு தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த வரம்புவரை அரசு செலுத்துகிறது. அடிபட்டவரின் ஹெல்மெட்டை மட்டும் அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கழுத்தில் அடிபட்டிருக்கலாம்.

காட்பாடி: வேலை மாற்றலாகி வெளிமாநிலம் போகிறேன். வண்டியை ரயிலில் அனுப்ப என்ன செய்யவேண்டும்?

ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் இரண்டும் வேண்டும். பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பார்சல் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும் முகவரியை அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று பிய்ந்தாலும் ஒன்று இருக்கும். டேங்கையும் விளக்கையும் கோணியால் சுற்றித் தரச் சொல்லுங்கள். கோணிக்குள் வைக்கோலை நன்றாகத் திணிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். அணைக்கட்டுச் சாலையில் என்னைக் கீழே தள்ளிய சருகினம், இங்கே உங்கள் டேங்கை நசுங்காமல் காப்பாற்றட்டும்.