ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனால் தேவன்மேல் தாகமே வருவதில்லை. என்ன செய்வது?

இதே கேள்வியோடு நான் ஆறு வருடம் ரியாத்தில் இருந்தேன். அங்கே போக ஒரு சர்ச் கிடையாது. ஒரு ரூமில் ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில், எனக்கு மேல் கட்டில். எல்லோரும் தூங்கின பிறகு செல்போன் வெளிச்சத்தைக் குறைத்து, போர்வைக்குள் வைத்து வேதம் வாசிப்பேன். வாசிப்பேன் என்றால் கண் ஓடும், அவ்வளவுதான். ஊரில் கன்வென்ஷன் பந்தலில் முழங்காலிட்டு அழுதவனுக்கு இங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சரி, நான் பின்வாங்கிப்போனவன் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் 42-ம் சங்கீதத்தை ஒழுங்காகப் படித்தேன். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று நம் வீடுகளில் காலண்டரில் தொங்குமே, அதேதான். காலண்டர் படத்தில் மான் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். வசனத்தில் அது குடிக்கவே இல்லை, கதறுகிறது!

அந்தப் பாட்டுக்காரன் எங்கே இருந்து பாடுகிறான் என்று 6-ம் வசனத்தில் இருக்கிறது: யோர்தான் தேசம், எர்மோன் மலை. ஆலயம் இருந்த எருசலேமுக்கு வடக்கே 150 கிலோமீட்டருக்கு மேல். எர்மோனில் பனி உருகி வருகிற ஊற்றுகளில்தான் யோர்தானே பிறக்கிறது, அவ்வளவு தண்ணீர், அடுத்த வசனத்திலேயே மதகுகளின் இரைச்சல் கேட்கிறது. அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் தாகம் என்கிறான். அவனுக்கு என்ன குறை என்றால், 4-ம் வசனம் சொல்கிறது, பண்டிகைக் கூட்டத்தோடு சத்தமாகப் பாடிக்கொண்டு ஆலயத்துக்குப் போன நாட்கள் ஞாபகம் வருகின்றன. எனக்கு உடனே எங்கள் ஊர் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்துதான் ஞாபகம் வந்தது, ஓலைப்பெட்டியில் ஆவி பறக்கும் சோறு, பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள், ஒலிபெருக்கியில் கரகரக்கும் பாமாலை. அன்றைக்குத்தான் தொண்டை அடைத்தது. இத்தனை நாள் இல்லை இல்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்ததுதான் தாகம் என்று அப்போது புரிந்தது. கூட்டத்தில் கண்ணீர் வந்தால்தான் தாகம் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

அதனால் நீங்கள் உணர்ச்சியை வரவழைக்கப் பாடுபடாதீர்கள். அவன் செய்ததைச் செய்யுங்கள். அவன் தன்னிடமே பேசுகிறான், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று. பல எபிரெயக் கையெழுத்துப் பிரதிகளில் 42-ம் 43-ம் ஒரே பாட்டுதான். இந்தப் பல்லவி அதில் மூன்று முறை வருகிறது. ஒருமுறை சொன்னதும் கலக்கம் போய்விடவில்லை, பாருங்கள். மூன்றாவது முறையும் பல்லவி முடிவது அதே "நான் இன்னும் அவரைத் துதிப்பேன்" என்றுதான், இதோ துதிக்கிறேன் என்று அவன் சொல்லவே இல்லை. வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் எனக்குப் பாதியில் தூக்கம் வந்துவிடும்.

முதல் நாள் ராத்திரி நான் மெதுவாகத்தான் சொன்னேன். கீழ்க் கட்டிலில் கீழக்கரைக்காரர் ஒருவர் படுத்திருந்தார். தூக்கக் கலக்கத்தில், "என்ன மாப்ள, வீட்டுக்கா பேசுறே?" என்றார்.

"ஆமா பாய்" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.