கடலிலும் அக்கம்பக்கம் உண்டு

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கடலூர், இப்போது சென்னையில் கணினி வேலை. நானும் மனைவியும் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கி, கரீபியன் பக்கமோ பசிபிக் தீவுகளிலோ சில வருடங்கள் தண்ணீரிலேயே வாழ நினைக்கிறோம். இந்தக் கூட்டம், இரைச்சல் எல்லாவற்றையும் விட்டு விலகினால் போதும். எதிர்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் கடலில் தனிமை எங்களைத் தின்றுவிடுமா? எத்தனை அடிப் படகு சரியாக இருக்கும்?

க.

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயத்தையே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். தனிமையை நினைத்துப் பயப்படாதீர்கள். நம் புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு ‘தாரிணி’ படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார். இருவர் மட்டும்தான். தண்ணீர், சமையல், மின்சாரமெல்லாம் போகப்போகப் பழகிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். மனிதர்களை விட்டு விலகவா கடலுக்குப் போகிறீர்கள்? பஹாமாஸின் ஜார்ஜ் டவுனில் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் நங்கூரமிட்டு நிற்கும். காலையில் எல்லோரும் படகுக்குப் படகு பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியைத் திறந்துவைப்பார்கள். முதலில் யாருக்காவது அவசரமா என்று கேட்பார்கள், அப்புறம் வானிலை, புதிதாக வந்தவர்கள், கிளம்புகிறவர்கள், யாருக்கு என்ன உதிரிப்பாகம் வேண்டும் என்று போகும். நீங்கள் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினால் துறையே கேட்கும். சாயங்காலம் டிங்கி என்கிற சின்னப் படகில் பக்கத்துப் படகுக்குப் போனால் நேரே ஏறிவிடக் கூடாது. பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு, தட்டி, கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். நடுராத்திரியில் திடீர்க் காற்று அடித்து உங்கள் நங்கூரம் பிடி விட்டால், முதலில் ஓடிவருகிறவர் அந்தப் பக்கத்துப் படகுக்காரர்தான். அவர் பேரும் தெரிய வேண்டாமா உங்களுக்கு?

கரையில் இருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். பிஜித் தீவுகளில் ஒரு கிராமத்தின் முன்னால் நங்கூரமிட்டால், அவர்கள் பானம் செய்யும் காவா வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு முதலில் தலைவரைப் பார்க்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் குளிப்பது, மீன் பிடிப்பதெல்லாம். அந்தக் கடலும் பாறையும் அவர்கள் முற்றம்.

நம் ஊரில் மட்டும் வேறா? முதுநகரில் அப்பாவுக்குக் கயிற்றுக்கடை. பணம் வசூலிக்க என்னைக் குப்பத்துக்கு அனுப்புவார். விடியுமுன் கரைக்காற்றில் போன கட்டுமரங்கள், கடல்காற்று எழுந்ததும் பாய் விரித்துத் திரும்பும். மரம் கரையைத் தொட்டதும் யார் வீட்டு மரம் என்று பார்க்காமல் கை கொடுப்பார்கள். கட்டவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். கை கொடுத்தவனுக்கு இரண்டு மீன் உண்டு. ஒருநாள் பாய் கிழிந்து வேற்றூர் மரம் ஒன்று ஒதுங்கியது. ஒரு கிழவி வந்தவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டாள், பதில் வருமுன்பே கஞ்சிச் சட்டியை நீட்டிவிட்டாள். புதுச்சேரியிலும் அந்தக் காலத்தில் கப்பல்கள் தள்ளித்தான் நிற்கும். வந்த வெள்ளைக்காரனை அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் நம் படகோட்டிகள்.

இன்று நம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருகிறவர்கள் வலை பிரிப்பவர்களைப் போட்டோ எடுக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. காய்கிற வலையை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது. இந்தப் பழக்கத்தோடு பிஜிக்குப் போய் நிற்காதீர்கள், தம்பி. உங்கள் மேல் பிரியம் இருப்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

படகின் நீளத்தை அப்புறம் பேசுவோம். பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா? மனைவியையும் கூட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கெல்லாம் தேவனாம்பட்டினம் வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுங்கள். நண்டு மட்டும் கையைப் பிடிக்கும், எப்படிக் கழற்றுவதென்று அவர்களிடமே கேளுங்கள்.