சோறு குறையவில்லை, ரத்தம் ஏன் குறைகிறது?

சகோதரி, கணவரின் கூலி ஏறவில்லை, விலைவாசி மட்டும் ஏறுகிறது. கொருக்குப்பேட்டையில் மூன்று வேளையும் சோறு போட்டும் நாலு வயது மகளுக்கு ரத்தம் குறைவு என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

கையில் காசு இறுகினால் எந்த வீட்டிலும் அரிசி குறையாது. மீன், முட்டை, பருப்பு, கீரைதான் முதலில் குறையும். வயிறு நிரம்பும், ரத்தம் ஊறத் தேவையான இரும்புச்சத்து போய்விடும். அரிசி மலிந்தால் மட்டும் இது சரியாகாது. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஏழைகளுக்கு அரிசியில் மானியம் கொடுத்துப் பார்த்தார்கள் ஜென்சன், மில்லர் என்ற ஆய்வாளர்கள். சத்து கூடியதாகத் தெரியவில்லை. மிஞ்சும் காசு எங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

ரேஷன் அரிசி நமக்கு இலவசம்தானே? மிச்சமாகும் பணத்தை முட்டைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை விட்டுவிடாதீர்கள். மகளை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள், அங்கே முட்டை போடுகிறார்கள்.

மீன் என்றால் வஞ்சிரம் வேண்டாம், அது நமக்கு ஆகாத விலை. காசிமேட்டில் மத்தி, நெத்திலி வாங்குங்கள். நெத்திலியை முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்தால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விலை எகிறும். அப்போது நெத்திலிக் கருவாடு, உப்பைக் கழுவிவிட்டு.

முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பாட்டோடு டீ மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து மருந்தை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் கொடுங்கள்.