முன்னாள் செக் தூதரக அதிகாரியை ஆலோசகராக அமர்த்தும் முன்

ஐரோப்பாவுக்கு இரும்பு போல்ட், திருகாணி அனுப்பும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இறக்குமதிப் பொருளின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் கார்பன் எல்லை வரி குறித்து எங்கள் தொழில் கூட்டமைப்பின் சார்பில் பிரஸ்ஸல்ஸில் பேச, இப்போது லாபியிஸ்டாக (அரசு முடிவுகள் குறித்துப் பிறருக்காகப் பரிந்து பேசுபவராக) இருக்கும் முன்னாள் செக் தூதரக அதிகாரி ஒருவரை நாடியுள்ளோம். அவருடைய அனுபவத்தை எப்படி எடைபோடுவது? சட்டத் தடை ஏதும் உண்டா?"

அவர் எந்த ஆண்டுகளில், எந்த மேசையில் அமர்ந்திருந்தார் என்பதையே முதலில் கேளுங்கள். செக் குடியரசு 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, 2009-இன் முதற்பாதியிலும் 2022-இன் பிற்பாதியிலும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றிய கவுன்சிலுக்குத் தலைமை தாங்கியது. உங்கள் கார்பன் வரி பற்றிய இறுதிப் பேரத்தை ஐரோப்பிய நாடாளுமன்றத்துடன் நடத்தி, 2022 டிசம்பரில் உடன்பாடு கண்டது இந்த இரண்டாவது தலைமைதான்.

ஆனால் அந்தக் காலத்தில் பிரஸ்ஸல்ஸில் பணியாற்றிய ஒவ்வொரு செக் அதிகாரிக்கும் இவ்விஷயம் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கவுன்சிலின் கூட்டங்களுக்கு முன்தயாரிப்பு செய்யும் உறுப்பு நாட்டுத் தூதர்களின் குழுவே கோரெப்பர்; அது இரண்டு பிரிவுகளாக இயங்குகிறது. சுற்றுச்சூழல், போக்குவரத்து, உள்சந்தை ஆகியவற்றைத் துணைத் தூதர்கள் கூடும் முதல் கோரெப்பர் குழுவும், நிதி, வெளியுறவு, உள்துறை ஆகியவற்றைத் தூதர்கள் கூடும் இரண்டாம் கோரெப்பர் குழுவும் கவனிக்கின்றன. கார்பன் எல்லை வரி சுற்றுச்சூழல் விதியாகத் தோன்றினாலும், 2022 மார்ச்சில் அதற்கான கவுன்சிலின் நிலைப்பாட்டை எடுத்தவர்கள் நிதியமைச்சர்கள். அதனுடன் பிணைந்த உமிழ்வு வணிகச் (கார்பனை வெளியிடும் உரிமங்களை நிறுவனங்கள் வாங்கி விற்கும் முறையின்) சீர்திருத்தமோ சுற்றுச்சூழல் அமைச்சர்களிடம் இருந்தது. உங்கள் ஆலோசகர் இவற்றில் எந்தக் கோப்பைக் கையாண்டார் என்பதை நேரடியாகக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அவருடைய பிரஸ்ஸல்ஸ் வாழ்க்கை 2009-உடன் முடிந்திருந்தால் இன்னும் கவனம் தேவை: அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைப் பல துறைகளில் பெருக்கி, பேரம் நடக்கும் முறையையே மாற்றிவிட்டது.

சட்டத்தைப் பொறுத்தவரை, செக் வெளியுறவு அமைச்சகத்தின் ஊழியராக மட்டுமே இருந்தவரை ஒன்றியத்தின் பணியாளர் விதிகள் கட்டுப்படுத்தா. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திலோ ஒன்றியத்தின் வெளியுறவுச் சேவையிலோ ஒன்றியப் பணியாளராகவே இருந்திருந்தால், விலகிய இரண்டு ஆண்டுகளுக்குள் ஏற்கும் எந்தப் பணியையும் அவர் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். மூத்த அதிகாரியாக இருந்தவர், தாம் பொறுப்பு வகித்த விஷயங்களில் பழைய நிறுவனத்தாரிடம் லாபி செய்வதற்கு, கொள்கையளவில், பன்னிரண்டு மாதத் தடையும் உண்டு. பிராகில் உள்ள அமைச்சகங்களை அணுகுவதற்கு, 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள செக் லாபி சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முன்பே ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் அவருடைய நிறுவனத்தைத் தேடிப் பாருங்கள். பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பதிவு செய்யாத லாபியிஸ்டை ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினர்களான ஆணையர்கள் சந்திப்பதில்லை என்பதால், பதிவு இல்லாதவருக்குக் கட்டணம் கொடுப்பது வீண். வாடிக்கையாளர் பட்டியலும் அதில் இருக்கும். உங்களுக்கு எதிர்நிலையில் நிற்கும் ஐரோப்பிய எஃகு உற்பத்தியாளர்களுக்கும் அவரே பணிபுரிகிறாரா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் உங்கள் கூட்டமைப்பின் பெயரும் அதே பட்டியலில் இடம்பெறும் என்பதை உறுப்பினர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.