ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து தூங்கவே மாட்டேங்குறான்!

கேள்வி: அக்கா, என் பையனுக்கு எட்டு மாசம். சித்திரை கோயில் கொடைக்கு மாமியார் ஊருக்கு, திருநெல்வேலி பக்கம் போயிட்டு பன்னெண்டு நாள் இருந்துட்டு வந்தோம். போறதுக்கு முன்னாடி எட்டரைக்கு தூங்கிடுவான், நடுவுல ஒரு தடவை பாலுக்கு எந்திரிப்பான், அவ்ளோதான். அங்க வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் சத்தம், பகல்ல ஆச்சி சேலைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. சென்னை வந்து ஒம்போது நாள் ஆச்சு, பதினொன்றரை வரைக்கும் ஆட்டம் போடுறான், அப்புறம் மணிக்கொரு தடவை எந்திரிச்சு அழுறான், தூக்கி ஆட்டுனாத்தான் நிறுத்துறான். காலைல ஒம்போதரை ஆகுது எந்திரிக்க. இவர் வேலை முடிஞ்சு பத்தரைக்குத்தான் வருவார், வந்ததும் கொஞ்ச நேரம் விளையாடுவாங்க. கண்ணு பட்டுருச்சு, சுத்திப் போடுன்னு மாமியார் சொல்றாங்க, சளி மருந்து அரை ஸ்பூன் குடு அசந்து தூங்கும்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. எனக்கு கண்ணே எரியுது அக்கா.

பதில்: முதல்ல அந்த சிரப் பாட்டிலை உள்ள எடுத்து வைங்கம்மா. தூக்கத்துக்காக சளி மருந்து குடுக்கவே கூடாது. நம்ம வீடுகள்ல சாதாரணமா இருக்குற சளி சிரப் நிறையவற்றுல குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்து இருக்கும், அந்தக் கலவையை 4 வயசுக்கு கீழ குடுக்கக் கூடாதுன்னு லேபிள்லயே போடணும்னு 2023 டிசம்பர்ல மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியாச்சு. சுத்திப் போடுறதுன்னா தாராளமா போடுங்க, மாமியார் மனசுக்கும் திருப்தி, மிளகாய் நெடி மட்டும் பிள்ளை மூஞ்சிப் பக்கம் வராம பாத்துக்குங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க ராத்திரியோட மல்லுக்கட்டுறீங்க, அங்க ஜெயிக்கவே முடியாது, காலைல பிடிங்க. நாளைக்கு அவன் எத்தனை மணிக்கு தூங்கியிருந்தாலும் சரி ஏழு மணிக்கு எழுப்பிடுங்க, பாவமா இருக்கேன்னு விட்டீங்கன்னா அன்னிக்கு ராத்திரியும் போச்சு. எழுப்புன உடனே திரையை விலக்கி பால்கனியோ மொட்டை மாடியோ தூக்கிட்டுப் போங்க, செடிக்கு தண்ணி ஊத்துங்க, காக்காய் காட்டுங்க. உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் காலை வெளிச்சத்தை வச்சுத்தான் திருந்தும். பகல்ல ரெண்டு தூக்கம் போதும், ரெண்டாவது நாலரைக்குள்ள முடியணும். இந்த வயசுக்கு பகலும் ராத்திரியும் சேர்த்து 12ல இருந்து 16 மணி நேரம் தூங்கணும், அதை பகல்லயே தீர்த்துட்டான்னா ராத்திரிக்கு எங்க இருந்து வரும்?

பதினொன்றரைல இருந்து ஒரே நாள்ல எட்டரைக்கு இழுக்காதீங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அரை மணி முன்னாடி கொண்டு வாங்க. அதுவரைக்கும் தினமும் ஒரே வரிசை, வெதுவெதுப்பா குளியல், கஞ்சி, பால், ஒரு தாலாட்டு, லைட் ஆஃப். டிவி அந்த ரூம்ல வேணவே வேணாம்.

மணிக்கொரு தடவை ஏன் எந்திரிக்கிறான்னா, குழந்தைகளோட ஒரு சுற்று தூக்கமே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்தான், ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசா முழிப்பாங்க. எப்படி தூங்குனோமோ அதே நிலைமை இருந்தா திரும்ப தூங்கிடுவாங்க. இவன் ஆட்டத்துல தூங்கிட்டு ஆடாத பாயில முழிக்கிறான், யாரைக் கேட்டு நிறுத்துனீங்கன்னு கத்துறான், அவ்ளோதான். அதனால கையில ஆட்டுங்க, ஆனா கண்ணு சொருகுறப்பவே மல்லாக்க படுக்க வச்சு தட்டிக் குடுங்க. முதல் மூணு நாலு நாள் அழுவான், நீங்க பக்கத்துலயே இருங்க. ராத்திரி சிணுங்குனா ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்க, பாதி தடவை தானாவே அடங்கிடுவான். லைட் போடாதீங்க, கொஞ்சாதீங்க. ஆச்சி தொட்டில் மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா பிடிச்சு எந்திரிச்சு உக்கார்ற வயசு வந்துருச்சு, தவறி விழுந்துடுவான், இனிமே வேணாம்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க, பத்தரை மணி விளையாட்டு இப்போதைக்கு கட். காலைல அந்த பால்கனி டூட்டி அவருக்கு, அப்பாவும் பிள்ளையும் காக்காய் பாக்கட்டும், நீங்க ஒரு மணி நேரம் படுங்க.

இன்னொண்ணு, எல்லாத்தையும் பயணத்து மேல போடாதீங்க. எட்டு ஒம்போது மாசத்துல அம்மா கண்ணுல படலன்னாலே பயப்படுவாங்க, தவழுற பழக்கம், பல்லு எல்லாம் சேர்ந்துதான் வரும். என் மூத்தவளுக்கு பழனில மொட்டை போட்டுட்டு வந்து ரெண்டு வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து கைதட்டுவா! காய்ச்சல் இருந்தாலோ, காதை பிடிச்சு இழுத்து அழுதாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

கேள்வி: ஜூன்ல டல்லாஸ்ல இருந்து ஒரு வயசு பொண்ணோட மதுரை வர்றோம். ஜெட்லாக் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: பத்தரை மணி நேர வித்தியாசம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, அதனால பத்து நாள் பொறுத்துக்குங்க, அதுக்கு முன்னாடியே சரியானா லாபம். வந்த முதல் வாரத்துலயே காதுகுத்து வைக்காதீங்க, மதியம் மூணு மணி தூக்கத்தை ரெண்டு மணி நேரத்துல எழுப்பி விட்டுடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பசின்னா இருட்டுலயே ஊட்டிட்டு படுக்க வைங்க. பாத்து கொஞ்ச வர்ற சொந்தக்காரங்களை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வரச் சொல்லிடுங்க.