உப்புக் காற்றில் போன உரிமம்

கேள்வி: பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், இணையவழி விண்ணப்பங்களும் பதிவு செய்து தருகிறேன். விண்டோஸுடன் வாங்கிய கணினியின் மதர்போர்டு கடற்காற்றில் துருவேறிப் பழுதானதால், இராமநாதபுரத்தில் புதியது மாற்றினேன். அன்று முதல், விண்டோஸை ஆக்டிவேட் செய்யுமாறு திரையின் வலது மூலையில் ஓர் அறிவிப்பு மறையாமல் நிற்கிறது. 300 ரூபாய் கொடுத்தால் ஆக்டிவேட்டர் போட்டு நீக்கித் தருவதாகச் சர்வீஸ் செய்பவர் சொல்கிறார். காசு கொடுத்து வாங்கிய நான் எப்படித் திருட்டுப் பிரதிக்காரன் ஆனேன்?

பதில்: நீங்கள் ஆகவில்லை, உங்கள் கணினியின் அடையாளம்தான் மாறிவிட்டது. ஒரு குறுந்தகடும் 25 எழுத்துச் சாவியும் கையில் இருந்தால் தெரு முழுவதற்கும் விண்டோஸ் போட்டுவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்க, 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் ஆக்டிவேஷன் வந்தது. சாவியோடு, கணினியின் உறுப்புகளிலிருந்து கணக்கிடப்படும் ஓர் அடையாளமும் மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவாகத் தொடங்கியது. விசைப்படகுக்குப் பதிவு எண் இருந்தாலும், கடலுக்குப் போகும் நாளில் மீன்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டியிருக்கிறதல்லவா? ஒரே எண்ணை இரண்டு படகுகளில் எழுதினால் அங்கே சிக்குவதைப் போல, ஒரே சாவியைப் பல கணினிகளில் போட்டால் இங்கே சிக்கும்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், பெரிய நிறுவனங்கள் விற்கும் கணினிகளில் அந்தச் சாவியை மதர்போர்டிலுள்ள சிப்பிலேயே பதித்துவிடுகிறார்கள். ஸ்டிக்கரைப் பார்த்துச் சாவியை நகலெடுப்பது இதனால் நின்றது. ஆனால் உப்பு போர்டைத் தின்றால் சாவியும் சேர்ந்து போகும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இதை வடிவமைத்தவர்கள் நம் கரையை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள்.

உங்கள் விண்டோஸை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் முன்பே இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குச் சென்று, அண்மையில் உறுப்பு மாற்றியதாகத் தெரிவித்து மீட்க முயலுங்கள். அது கைகொடுக்காவிட்டால், பழுதால்தான் போர்டை மாற்றினீர்கள் என்று சொல்லி, கணினியைத் தயாரித்த நிறுவனத்திடமோ மைக்ரோசாஃப்ட் உதவி மையத்திடமோ கேட்டுப் பாருங்கள். அங்கும் வழி கிடைக்காவிட்டால், கணினியுடன் வரும் உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடு முடிந்துவிடுவது என்பதால், தனியாக விற்கும் சில்லறை உரிமம் வாங்குவதே வழி. அதை நாளை வேறு கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

அந்த 300 ரூபாய் வேலையை மட்டும் ஏற்காதீர்கள். 25 அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் உள்ள அலுவலகங்கள், உரிமம் வழங்க உள்ளேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கணினியும் 180 நாட்களுக்குள் அதனிடம் புதுப்பித்துக்கொள்ளும். ஆக்டிவேட்டர்களில் பல, அப்படிப்பட்ட சர்வர் ஒன்று இருப்பதாக உங்கள் கணினியை ஏமாற்றுபவை. அதற்காக ஆன்ட்டிவைரஸை நிறுத்தி, கணினியின் முழு அதிகாரத்தையும் யாரென்று தெரியாத ஒருவரின் நிரலிடம் ஒப்படைக்கிறார்கள். ஊராரின் ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் ஆகும் கணினி அது. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார நோக்கமில்லாதவருக்கு நீதிமன்றம் காட்டக்கூடிய சலுகையைக் கடை நடத்துபவர் எதிர்பார்க்க இயலாது.

கேள்வி: ஆக்டிவேட் ஆகாத கணினிகளை அடியோடு முடக்கிவிட்டால் திருட்டுப் பிரதி ஒழிந்துவிடாதா? (தொண்டியிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: 2007-இல் விண்டோஸ் விஸ்டாவில் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். குறித்த காலத்துக்குள் ஆக்டிவேட் ஆகாத கணினியில் பிரௌசரை ஒரு மணி நேரம் பயன்படுத்தலாம். பிறகு அது தானே வெளியேற்றிவிடும். அதே ஆண்டு ஆகஸ்டில் சரிபார்க்கும் சர்வரே தடுமாறி, முறையாக வாங்கியவர்களையும் போலி என்று அறிவித்தது. மறு ஆண்டே அந்த முடக்கத்தைக் கைவிட்டு, வெறும் எச்சரிக்கையாகக் குறைத்துக்கொண்டார்கள். ஆக்டிவேட் ஆகாத கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்துவதும் உதவாது. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற புழு (கணினிக்குக் கணினி தானே பரவும் தீங்கு நிரல்), இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியான திருத்தத்தைப் போடாத கணினிகளைத்தான் பிடித்தது. அத்தகைய கணினி ஒன்று நோயுற்றால் பக்கத்துக் கணினிக்கும் ஆபத்துதான்.

என் கணிப்பில், பூட்டைவிடப் பயன் தந்தது விலையில்லாத மாற்று. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸை எத்தனை கணினியில் நகலெடுத்தாலும் குற்றமில்லை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த வகைதான். படிப்புக்கும் தட்டச்சுக்கும் அது தாராளமாகப் போதும். பாம்பன் வாசகரைப் போலக் கடை நடத்துபவர்கள் மட்டும், தங்கள் கைரேகைக் கருவியும் பிரிண்டரும் அதில் இயங்குகின்றனவா என்று பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு மாறுவது நல்லது.